அக்காவுக்கு அவித்த கோவா

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷன் முடிந்து, அக்காவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது இரண்டு பேருமே களைத்துப் போயிருந்தோம். பகலெல்லாம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். அந்தியில் வந்து அவளுக்குச் சமைப்பேன்.

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவள் மகன் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். கோவா என்கிற முட்டைக்கோஸ், புரோக்கோலி, நூக்கல் எல்லாம் புற்றுநோயை அழித்துவிடும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். புரோக்கோலி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கோவா ஹட்டன் சந்தையில் எப்போதும் கிடைக்கும். அன்றிலிருந்து தினமும் கோவாதான். குழையக் குழைய அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுக் கொடுப்பேன். மருந்து ஏற்றிய குமட்டலோடு அதை எப்படியோ விழுங்கிவிட்டு, சோற்றை ஒதுக்கிவிடுவாள்.

அடுத்த கிளினிக்கில் அவள் மெலிந்திருப்பதைப் பார்த்து டொக்டர் அம்மா என்னிடம் விசாரித்தார். சொன்னேன்.

"கோவா நல்லதுதாங்க" என்றார். "நறுக்குறப்பவும் மெல்லுறப்பவும் அதுல காரமா ஒரு பொருள் உண்டாகுது. ஒடம்புல சேர்ற நச்ச வெளியேத்த அது உதவலாம், புற்றுநோய் வர்ற வாய்ப்பக் கொறைக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. முடிவா இன்னும் சொல்ல முடியாது. வந்த நோய்க்கு அது மருந்தும் இல்லீங்க."

"அப்ப நான் அவிச்சுக் குடுத்தது?"

"ரொம்ப அவிச்சுத் தண்ணியக் கொட்டுனா அந்தச் சத்து நெறைய போயிரும். நறுக்கிக் கொஞ்ச நேரம் வச்சிருந்து லேசா வதக்குங்க. இப்ப இவங்களுக்குத் தெம்புதான் முக்கியம். முட்ட, பருப்பு, மீனு, எது எறங்குதோ குடுங்க."

அக்கா குறுக்கே புகுந்தாள். "முட்டக் கொழம்பு வச்சுத் தாடி. கோவா வாசமே எனக்கு ஆகல."

டொக்டர் அம்மா சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. என் அடுப்பாலும் ஏதாவது ஆகும் என்று நம்பித்தான் அத்தனை நாளும் அதன்முன் நின்றிருந்தேன். திரும்பும் ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று இரவு முட்டைக் குழம்பு வைத்தேன். அவள் மறுசோறு கேட்டாள்.

வைத்தியம் முடிந்துவிட்டது. அக்கா முன்போல் கொழுந்தெடுக்கப் போவதில்லை. ஆனாலும் நடமாடுகிறாள், வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடுகிறாள். கோவாவும் எப்போதாவது உண்டு. பொடியாக நறுக்கி, தேங்காய்ப்பூ போட்டு மல்லுங் செய்வேன். நோய் திரும்பியிருக்குமோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு பரிசோதனைக்கும் போகிறோம். அடுத்த மாதமும் போகவேண்டும். பிள்ளைக் காம்பராவில் லீவு இன்னும் கேட்கவில்லை.