அன்னம் என்ற பெயரில் ஒரு ஃபைல்

ஆரணியில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. முன்பு அங்கே இரண்டு பேர் இருந்தோம், நானும் என்னோடு கல்லூரியில் படித்த நண்பனும். பார்டரும் முந்தானையும் நான் வரைவேன். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் அவன். அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டதும் அவன்தான். பிறகு ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். முதலில் தினமும் பேசினான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில். கடைசியில் பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் என்று ஆகிவிட்டது.

தறிக்காரர்களும் இப்போது டிசைனை வாட்ஸ்அப்பிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். மாடிப்படி ஏறி வருகிறவர்கள் குறைவு. சில நாட்களில் சாயங்காலம் டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்லும்போதுதான், காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்று உறைக்கும்.

போன ஆடியில் ஒரு நாள், சொந்தமாகத் தறிகள் வைத்திருக்கும் ஓர் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். பல வருஷத்துக்கு முன் நாங்கள் போட்டுக் கொடுத்த அன்னம் பார்டர் மறுபடியும் வேண்டுமாம். கம்ப்யூட்டரைப் போட்டேன். வழக்கமான படங்கள் எதுவும் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும். அணைத்துப் போட்டாலும் அதேதான்.

"தறி சும்மா நிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு வேறு யாரையும் தெரியாது. நண்பனுக்குப் போன் செய்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். தூக்கக் குரலில் எடுத்தான். விஷயத்தைச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"எழுத்து வருதில்ல, அப்போ மெஷின் நல்லாத்தான் கீது. மவுஸ் இல்லாமலே தேடலாம். நான் சொல்றத அப்படியே அடி" என்றான்.

முதலில் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது, கொடுத்தேன். பிறகு அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் அடித்தேன்:

find . -name "annam"

ஒன்றும் வரவில்லை. இல்லை என்றுகூட அது சொல்லவில்லை. அடுத்த வரியில் போய்ச் சும்மா நின்றது. ஃபைலே போய்விட்டது என்று நினைத்தேன். அவன் பதறவில்லை. அப்படி அடித்தால் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்துகூட மாறக் கூடாது என்றான். பெயர் முழுசாக நினைவில்லாவிட்டால் இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காமலிருக்க name என்பதற்கு முன்னால் ஓர் i சேர்க்க வேண்டும்.

find . -iname "*annam*"

வரிசையாக ஏழெட்டு வந்து விழுந்தன. "படி" என்றான். ANNAM_chinna, Annam-final, annam_final_nijama என்று படித்துக்கொண்டே போனேன். 'நிஜமா' என்றதும் அவன் சிரித்துவிட்டான். அந்த அம்மாவின் மாமியார் மூன்று முறை அன்னத்தின் கழுத்தை மாற்றச் சொன்ன கதையை அவனே ஞாபகப்படுத்தினான். அந்த அம்மாவும் கேட்டுச் சிரித்தார். வெகு நாள் கழித்து அந்த அறையில் மூன்று பேர் சிரித்தோம்.

ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றவும் அவனே சொல்லிக்கொடுத்தான். அதற்குள் அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"இனிமே நீயே தேடிக்கலாம் மச்சான்" என்று வைத்துவிட்டான்.

திரையை மறுநாள் ஒருவர் வந்து சரிசெய்து கொடுத்தார். ஆனாலும் நான் எழுத்து மட்டும் வரும் அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்தே தேடிப் பழகினேன். மயில், யானை, ருத்ராட்சம், எது கேட்டாலும் உடனே வந்தது. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

புரட்டாசியில், மழையில் கரண்ட் போன ஒரு மத்தியானம், காரணமே இல்லாமல் அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் அவனே அழைத்தான்.

"எந்த ஃபைல் காணோம்?"

"எதுவும் இல்லடா. சும்மாதான்."

மழைச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அங்க மழையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சாலையெல்லாம் தண்ணீர் என்று சொல்ல ஆரம்பித்தேன்.