குடலுக்குள் ஒரு வெல்வெட்

"...அப்ப கோயில்ல குடுக்குற அப்பம் சார்? அதுவும் கோதுமை தானே?"

கேட்டவர் பிலோமினா. ராயபுரம் மார்க்கெட் ஓரம் ஆட்டுக் குடலை, எங்கள் பேச்சில் போட்டியை, கழுவி விற்கிறவர். அவர் கையில் ஆட்டுக் குடல். என் கையில் அவருடைய கணவரின் குடல். அதாவது, அதைப் பற்றிய ரிப்போர்ட்.

நான் டாக்டர் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கிடைத்ததையெல்லாம் படிப்பேன் என்று பேர் வாங்கிவிட்டதால், எங்கள் தெருவில் இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் என்னிடம் வந்துவிடும்.

கணவர் சவரிமுத்து துறைமுகத்தில் லோடுமேன். ஒரு வருடமாக வயிற்றுப்போக்கு. உடம்பு பாதியாகி, மூட்டை தூக்க முடியாமல் வீட்டோடு இருக்கிறார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலிலிருந்து கடுகளவு சதை எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். நோய்க்குப் பேர் சீலியாக். கோதுமை உள்ளே போனால் அவர் உடம்பு தன் குடலையே தாக்குகிறது. மைதா, ரவை, பரோட்டா... இனி ஆயுசுக்கும் ஒரு துணுக்கு கூடக் கூடாது.

ரிப்போர்ட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு படம் இருந்தது. பக்கத்தில் டாக்டர் பேனாவால், நல்ல குடல் எப்படி இருக்கும் என்று வரைந்து கொடுத்திருந்தார். விரல் விரலாக நிற்கும் ஒரு வரிசை. படத்திலோ விரலே இல்லை. மொட்டைத் தரை... நடுநடுவே குழிகள்.

பிலோமினா கையைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது சிறுகுடலா? இருக்காதே. பெருங்குடலு போட்டோவ மாத்திக் குட்த்துட்டாங்களா சார்?"

"எப்படிச் சொல்றீங்க?"

"இருவது வருசமா இத்தத்தான் கழுவிகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

குச்சியால் குடலை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நல்ல தண்ணீர் இருந்த பேசினில் விட்டார். குனிந்து பார்த்தேன். சிறுகுடலின் உள்பக்கம் நனைந்த வெல்வெட் போல... தண்ணீரை அசைத்தால் அதுவும் லேசாக அசைந்தது. பிறகு பெருங்குடல். அதில் வெல்வெட் இல்லை. சமதரை. கையில் நிற்காத வழவழப்பு.

ஆட்டுக்கும் நமக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த வெல்வெட்டின் ஒவ்வொரு இழையும் ஒரு குட்டி விரல். விரலைப் போர்த்தி ஒரே ஒரு வரிசை செல்கள். ஒவ்வொரு செல்லின் தலையிலும் பிரஷ் மாதிரி அதைவிட நுணுக்கமான இழைகள். தின்றதின் சத்தை வழித்து எடுப்பது இவைதான். பெருங்குடலின் வேலை முக்கியமாகத் தண்ணீரை இழுப்பது. அதற்கு விரல்கள் வேண்டாம். சக்கை வழுக்கிக்கொண்டு போக சளி சுரக்கும் செல்கள்தான் அங்கே நிறைய. அந்த வழவழப்பு அதுதான்.

லேப் எதையும் மாற்றவில்லை. சவரிமுத்துவின் சிறுகுடல்தான் தன் விரல்களை இழந்து, பார்வைக்குப் பெருங்குடல் போல ஆகியிருந்தது. எத்தனை தின்றாலும் ஒட்டாமல் போனதற்குக் காரணம் அதுவே.

"அப்ப வெல்வெட்டு திரும்ப வளருமா?"

வளரும். விரல்களின் அடியில் உள்ள குழிகளில் புது செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. மெல்ல மேலே ஏறி, நாலைந்து நாளில் நுனியிலிருந்து உதிர்கின்றன. கோதுமை நின்றால் விரல்களும் மாதக்கணக்கில் மெல்ல எழும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிலோமினா பேசினிலிருந்து குடலை வெளியே எடுத்தார். பிறகு சொன்னார்: "ஒரு வருசமா மூணு வேளையும் பன்னும் ரஸ்கும்தான் குட்த்தேன் சார், வயிறு சரியில்லன்னு. ஆட்டுக் குடல சொரண்டுறது என் தொழிலு..." மிச்சத்தைச் சொல்லாமல் குடலைத் திரும்பவும் அலசினார்.

யாரைக் குறை சொல்வது? காய்ச்சலா, பிரெட் பாக்கெட். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறோமா, ரஸ்க். நம் ஊரில் அன்பு பெரும்பாலும் மைதாவில் செய்யப்படுகிறது.

அப்பத்துக்கு வருகிறேன். சவரிமுத்து குடியை விட்டு மூன்று வருடம். பாவத்தோடு வாங்கக் கூடாது என்று குடித்த காலத்தில் ஒதுங்கியிருந்தவர், விட்ட பிறகு ஒரு ஞாயிறு கூட நற்கருணை அப்பம் வாங்கத் தவறியதில்லை. அதைத்தான் பிலோமினா கேட்டார். அதுவும் கோதுமைதான் என்றேன். டாக்டரையும் கேட்டோம். மெல்லிய வட்டம்தான், ஆனாலும் கூடாது என்றுவிட்டார்.

மூவரும் ஃபாதரைப் பார்க்கப் போனோம். அவர் பதற்றப்படவில்லை. அப்பம் முடியாதவர்களுக்குத் திராட்சை ரசம், அதாவது பூசை ஒயின், மட்டும் கொடுக்கலாம், சபை அனுமதிக்கிறது என்றார்.

"அது வேணா ஃபாதர்," என்றார் பிலோமினா. "மூணு வருசமா மறந்து கீறாரு. ஞாபகம் வர வேணா."

சவரிமுத்து சிரித்தார். "பாத்தியா சார்? அன்னிக்கு நானே தேடிப் போனேன். இன்னிக்கு ஃபாதரே ஊத்தித் தரேன்றாரு, இவ வேணான்றா."

கோதுமைச் சத்து மிகக் குறைந்த அப்பம் ஒன்று உண்டு, டாக்டர் சரி என்றால் வரவழைக்கிறேன், அதுவரை வரிசையில் வந்து ஆசீர்வாதம் மட்டும் வாங்கிக்கொள் என்றார் ஃபாதர்.

வெளியே வந்ததும் சவரிமுத்துவின் சிரிப்பு போய்விட்டது. "வரிசைல போய் வாங்காம திரும்பினா இன்னா சொல்வாங்க? சவரி திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிட்டான்னு சொல்வாங்க. ஒவ்வொருத்தனுக்கும் இந்த ரிப்போர்ட்ட காட்டிகினா இருப்பேன்? நான் வர்ல. போ."

"வருவ," என்றார் பிலோமினா. அவ்வளவுதான்.

போன ஞாயிறு சாயங்காலப் பூசை. நான் கடைசி பெஞ்சில். வரிசை நகர்ந்தது. சவரிமுத்து வந்திருந்தார், சட்டை அவர் தோளில் தொளதொளவென்று தொங்கியது. பின்னாலேயே பிலோமினா. தன் முறை வந்ததும் சவரிமுத்து கையை நீட்டாமல் தலையைக் குனிந்தார். ஃபாதர் அவர் தலையில் கை வைத்தார். பெஞ்சுகளில் சில தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அடுத்தது பிலோமினா. ஃபாதர் அப்பத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார். பிலோமினாவும் கையை நீட்டவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கணவரைப் போலவே தலையைக் குனிந்தார்.