கூவரகு கேட்டால் வரகு

சித்த வைத்தியசாலையில் மருந்து எடுத்துக் கொடுப்பது சுலபம், சிறுதானியம் எடுத்துக் கொடுப்பதுதான் பாடு. மருந்துக்குப் பயந்து அளவாகச் சாப்பிடுவார்கள், தானியத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. வடசேரியில் ஒரு வைத்தியரிடம் இந்த வேலையில் இருக்கிறேன். வீட்டில் எட்டு மாதப் பிள்ளை. எதைக் கண்டாலும் பயப்படுகிற பருவம், அவளுக்கல்ல, எனக்கு. மேசைக்குப் பின்னால் நின்றே கால் வீங்கியவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பது தோசை

சர்க்கரை நோய்க்காரர் ஒருவரை அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறச் சொன்னார் வைத்தியர். அடுத்த மாதம் சர்க்கரை கூடியிருந்தது. விசாரித்தால், காலையில் தினைப் பொங்கல், மதியம் வயிறு முட்டச் சாமைச் சோறு, ராத்திரி கம்பு தோசை ஒன்பது. "இதுலயும் மாவுச்சத்து உண்டும் அண்ணாச்சி, மெதுவா ஏறும், ஏறாம இருக்காது" என்றேன்.

"அரிசியைத்தான நிறுத்தச் சொன்னாவ, எத்தனை எண்ணம்னு ஆரும் சொல்லலியே மக்கா!"

நெய்

ஏற்கனவே ஒல்லியான ஒரு கல்லூரி ஆசிரியை, மூன்று வேளையும் வரகு சாப்பிட்டு உதடு வெடித்து, மலம் கட்டி வந்தார். சிறுதானியம் உடம்பின் ஈரத்தை இழுக்கும், தடித்தவர்களுக்கு நல்லது, மெலிந்தவர்களுக்கு ஒரு வேளை போதும், அதுவும் நன்றாக ஊறவைத்து, நெய் விட்டு என்றார் வைத்தியர்.

"நெய்யை விடணும்னுதான சார் நான் வரகுக்கே வந்தேன்?"

கூ

அருமனையிலிருந்து ஒரு பெண், இடுப்பில் என் மகள் வயதுப் பிள்ளையோடு வந்தாள். "பிள்ளைக்குக் குறுக்குக் கஞ்சி காய்ச்சணும், கூவரகு மாவு உண்டுமா?" கான்வென்ட்டில் ராகி என்று படித்தவள் நான். பஸ் சத்தத்தில் 'கூ' என்று யாரையோ கூப்பிடுகிறாள் என நினைத்து, வரகு மாவைக் கட்டிக் கொடுத்தேன். அவள் போன பிறகு வைத்தியர் கேட்டார்: "பிள்ளே, மேக்க உள்ளவிய கேழ்வரகைத்தான கூவரகுன்னு சொல்லுவாவ?"

பெயர் தெரியாது, நம்பர் தெரியாது. வரகு விஷமில்லை; ஆனால் பச்சைப்பிள்ளைக்கு வயிறு கட்டிவிட்டால்? நான்கு நாள் என் மகளுக்கு ஊட்டும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் முகம்தான். அருமனை பஸ்ஸில் போய் வீடு வீடாகக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அவளே வந்தாள். பிள்ளை அவள் தோளில் சிரித்துக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கும் முன்பே, முக்கால்வாசி இருந்த பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"மாவு வெளுத்து இருந்து அக்கா, பிள்ளைக்க வாயில வைக்கதுக்கு முன்ன நான் குடிச்சுப் பாக்கண்டாமா? இப்ப மூணு நாளா எனக்கு வெளிய போவல்ல, அதுக்கொரு மருந்து தாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் பிள்ளைக்குக் காய்ச்சுவதில் முதல் கரண்டி எனக்குத்தான். இந்த மாதம் எடை கூடியிருப்பதும் எனக்குத்தான்.