முயலுக்கு எந்தக் குண்டு

தோட்டத்துச் சொந்தக்கார அம்மா நின்றார். அவருடைய கிழட்டு நாய் நின்றது. என் மனைவியின் தம்பி கைகளைப் பைக்குள் விட்டபடி நின்றான். நான் காற்றுத் துப்பாக்கியோடு நின்றேன்.

ஹம்பேர்க்குக்கு வெளியே மரக்கன்றுத் தோட்டம். பதினொரு வருடமாக எனக்கு அங்கேதான் வேலை. முயல்கள் கன்றின் பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும், கன்று பட்டுப்போகும். வேட்டைப் பரீட்சையில் மூன்றாம் முறை தேறினேன். அம்மா கந்தோரில் அன்ட்ராக் எழுதிப் போட்டு, தோட்டத்துக்குள் சுட அனுமதி எடுத்தார்.

போன சனிக்கிழமை ஒரு முயலின் தலைக்குக் குறிவைத்தேன். தொடையில் பட்டது. முயல் கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பலகை அடுக்குக்குக் கீழே புகுந்துவிட்டது. பலகைகளைத் தூக்கி, அதை எடுத்து உயிரை முடிக்க அரை மணி நேரம். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்று அவரே ஒரு பலகையில் குறிக்கடதாசி ஒட்டியிருந்தார்.

"பத்துக் குண்டு. பத்தும் இரண்டு யூரோக் காசுக்குள் விழவேண்டும். இல்லையென்றால் துப்பாக்கி இந்தப் படலைக்குள் வரக்கூடாது" என்றார் ஜெர்மனில்.

இருபத்தைந்து மீற்றர். முதலில் ஐந்து சுட்டுப் பார்த்தேன். மூன்று மேலே, இரண்டு கீழே. அதே கை, அதே துப்பாக்கி. குண்டு இருந்த தகரப் பேணியை உள்ளங்கையில் கொட்டினேன். எல்லாம் உருண்டைத் தலை. ஆனால் சில கொஞ்சம் நீளம்.

"பேணியில ஆர் கை வைச்சது?"

"நான்தான் அத்தான். ரெண்டு பேணி அரை அரையாக் கிடந்தது. ஒண்டாக்கிப் போட்டன்" என்றான் மனைவியின் தம்பி.

"இதென்ன மல்லித்தூளோ?"

"ரெண்டும் ஈயம்தானே. மற்றப் பேணியைக் கழுவி அக்கா கடுகு போட்டிட்டா."

"ஈயம் இருந்த பேணியடா, நஞ்சு. இப்ப வீட்டை போய்க் கடுகோட எறி. வரேக்க நகைத் தராசைக் கொண்டு வா."

கடையில் வாங்கிய சங்கிலியை வீட்டிலும் நிறுத்துப் பார்க்க எங்களிடம் சின்னத் தராசு இருக்கும். கொண்டு வந்தான். அம்மா அசையவில்லை. குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தேன். பாரமானது மூடிக்குள், மற்றது பேணிக்குள்.

பாரம் குறைந்ததில் ஐந்து சுட்டேன். சிதறியது. பாரமானதில் ஐந்து. ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தது. அதையே எடுத்தேன்.

புதிய கடதாசி. பத்துச் சுட்டேன். அம்மா துளைகளின்மேல் காசை வைத்தார். வெளியே ஒன்று தெரிந்தது.

"ஒண்டுதானே அத்தான். விடச் சொல்லிக் கேளுங்கோ."

"அந்த ஒண்டுதான் தொடை."

அம்மா வாய் திறக்குமுன் பத்து மீற்றர் முன்னால் நடந்து ஒரு தடியை நட்டேன். "இந்தத் தூரத்துக்கு மேல் இனிச் சுடமாட்டேன். இதிலிருந்து சுடுகிறேன், ஒருமுறை பாருங்கள்" என்றேன். தலையசைத்து, வேறு கடதாசி ஒட்டினார்.

"முயலுக்கு இவ்வளவு கிட்டப் போக ஏலாது அத்தான்."

"ஏலாட்டி சுடாமல் வாறன்."

பத்துச் சுட்டேன். அம்மா காசை வைத்து, குனிந்து, வெளியே தெரிவதை எண்ணினார்.

பூச்சியம்.