கெடாத குழாயைப் பழுதுபார்த்த கதை

வெள்ளிக்கிழமை வந்தால் என் வீட்டுக்காரருக்கு இரண்டு பூசை. சாமிப் படத்துக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று. சாமிக்கு ஒரு கும்பிடோடு முடிந்துவிடும். குழாய்க்குத்தான் நேரமாகும். திறப்பார், மூடுவார், அடியில் விரலை வைத்துச் சொட்டு விழுகிறதா என்று பார்ப்பார், துரு தெரிந்த இடத்தைத் தேங்காய் நாரால் தேய்த்து எண்ணெய் தடவுவார். என் தலைக்கே எண்ணெய் இல்லாத ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது.

“கெட்ட பொறவு பாக்குறது வேல இல்ல. கெடாம பாக்கணும்,” என்பார்.

முன்பு பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். கூலிக்காரர் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் கீழே ஆற்றிலிருந்துதான் வர வேண்டும். வயிற்றில் முதல் பிள்ளை ஐந்து மாதமாக இருந்தபோது, குடத்தோடு சரிவில் வழுக்கி விழுந்தேன். பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கித் தந்தார். பிறகு சுங்கை பட்டாணி டவுனில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, உள்ளேயே குழாய் இருக்கிற வீடாகத் தேடிப் பிடித்தார்.

எனக்கு மறுபடி ஏழு மாதம் ஆனபோது அவருக்குக் கவலை வந்துவிட்டது. குழாய்க்குள் தண்ணீரை அடைத்து நிறுத்தும் வாசர் தேய்ந்துபோனால் இந்தக் காலத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்?

“இப்ப ஒழுகுதா?” என்றேன்.

“ஒழுகல. ஒழுகுற வரைக்கும் காத்திருக்கணுமா?”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நினைவுக்கு வந்தான். தோட்டத்தில் ரப்பர் பாலை உறையவைத்து, தட்டையான சீட்டாக அழுத்தி, புகைக்கூட்டில் காயவைத்தவர் அவர். ரப்பர் விஷயத்தில் அவரிடம் யாரும் பேச முடியாது. வாங்க ஆளில்லாமல் மூலையில் கிடந்த ரப்பர் சீட்டில் வட்டமாக ஒரு துண்டு வெட்டினார். பழைய வாசரை நெம்பி எடுத்தபோது அது இரண்டாகக் கிழிந்தது. “பாத்தியா, நம்ம கையில இல்லாத ரப்பரா?” என்று புதியதைப் போட்டு இறுக்கி மூடினார்.

மூன்றாம் நாள் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. கந்தகம் போட்டு வேகவைக்காத ரப்பர் இளகி, உள்ளே அப்பிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் வாசலில் இருந்த மெயின் வால்வை அடைத்துவிட்டு, கத்தியால் சுரண்டி எடுத்தார். வாசர் இல்லாமல் மெயினைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சியடித்து வீடே மிதக்கும்.

மறுநாள் விடிந்ததும் கோயில் கிணற்றுக்குப் போனார். ஆம்பிளை குடம் சுமப்பதைப் பார்க்கத் தெருவே கூடியது. பக்கத்து வீட்டு அக்கா, “என்ன தம்பி, வீட்டுக்குள்ளயே பைப்பு இருக்குன்னு சொன்னீங்களே?” என்று விசாரித்தார். பதினொரு நாள் சுமந்தார். தோள் தோலுரிந்து சிவந்துவிட்டது.

“பாதிக் குடம் நான் கொண்டு வரேங்க,” என்றேன்.

அவர் குடத்தை இறக்கி வைத்தார். “ஒரு தடவ போதும் புள்ள,” என்றார்.

அடுப்படிக்குப் போய் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் செருப்பில் ஒன்றை எடுத்தேன். அரிவாள்மனையில் குதிகால் தோலை வட்டமாக அறுத்துக் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கிக் குழாய்க்குள் வைத்து அளவு பார்த்தார்.

“செருப்புத் தோல் பட்ட தண்ணிய சாமிக்கு வைக்கலாமா?” என்று எனக்கே தயக்கம்.

“கிழிஞ்ச பழைய வாசரும் மாட்டுத் தோல்தான். இத்தன நாளா அதத்தான வெச்ச,” என்றார்.

தண்ணீர் வந்தது. மகள் பிறந்தபோது அந்தக் குழாயில் பிடித்த தண்ணீரில்தான் அவளை முதலில் குளிப்பாட்டினார்கள். வாளியை நிரப்பிக் கொடுத்தவர் அவர்.

வெள்ளிக்கிழமைப் பூசை அதன் பிறகும் நடந்தது. நான் கேலி செய்வதை விட்டுவிட்டேன். கையில் கத்தி இருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.