மாமனார் வீட்டுப் பித்தளைக் கண்ணாடி

என் மகளின் ஃப்ளாட்டில் நுழைந்ததும் எதிரே ஒரு பித்தளைக் கண்ணாடி மாட்டியிருக்கிறது. நடுவில் தாம்பாளம் அளவுக்கு வட்டக் கண்ணாடி. சுற்றிலும் முழ நீளத்துக்குப் பித்தளைக் கதிர்கள், ஒன்று நெளிந்து, ஒன்று நேராக, நுனியில் கூர் வைத்து அடித்தவை. வருகிறவர்கள் "விண்டேஜ் பீஸ், அங்கிள்" என்று என்னிடமே விளக்குகிறார்கள். அப்படியா என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கண்ணாடிக்குள்தான் நான் பல வருஷம் குடியிருந்தேன் என்று ஆரம்பித்தால் அவர்கள் காபி ஆறிவிடும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் என் மாமனார் நிலக்காரர். நான் வேலை கிடைக்காத பி.ஏ., ஆகவே வீட்டோடு மாப்பிள்ளை. பினாங்குக்குக் கப்பலில் போய்வந்த அதிராம்பட்டினத்து வியாபாரி ஒருவரிடம் அவர் அந்தக் கண்ணாடியை வாங்கி, கூடத்தில் வாசலைப் பார்க்க மாட்டியிருந்தார். அதன் எதிரே அவருடைய சாய்வு நாற்காலி. அதாவது, வாசலுக்கு முதுகு. குத்தகைக்காரர்கள் வாசலில் வந்து நின்றால் அவர்கள் முகம் கண்ணாடியில் விழும். அந்த முகத்தோடு மாமனார் பேசுவார், திரும்ப மாட்டார். சுற்றிலும் கதிர்கள் இருப்பதால், திட்டு வாங்குகிறவர் திருவாசி வைத்த உற்சவமூர்த்தி போல் தெரிவார். எனக்கும் அதே மரியாதைதான். "மாப்பிள்ளை சாப்டீங்களா?" என்று கண்ணாடியைத்தான் கேட்பார்.

ஆட்சி மாறிய புதிதில் யாரோ, "என்னங்க, வீட்டுக்குள்ளயே சூரியன் உதிச்சிருச்சா?" என்று கேட்டுவிட, கொஞ்ச நாள் அதை வேட்டியால் மூடிவைத்தார். அந்த நாட்களில் எங்கள் யாரோடும் அவருக்குப் பேச்சே இல்லை.

பிறகு, குத்தகைக்காரர்களின் பெயரை அரசாங்கமே பதிவு செய்யும் என்று சட்டம் வந்தது. பதிவாகிவிட்டால் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. மாமனாரின் ஒரு துண்டு நிலத்தைத் தன் அப்பா காலத்திலிருந்து உழுதுவந்த ஒருவர் மனுக் கொடுத்தார். ஒரு கண்ணில் பூ விழுந்தவர். அந்த நிலம் போனால் குடும்பத்தோடு கூலிக்குப் போக வேண்டியதுதான்.

தாலுகா ஆபீஸில் விசாரணை. அந்த ஆள் போன வருஷமே நிலத்தை விட்டுவிட்டான், என் எதிரில் உட்கார்ந்து முகத்துக்கு முகம் சொன்னான் என்றார் மாமனார். முழுப் பொய். சலவை வேட்டியில் இருந்துகொண்டு சொன்னதால் நிஜம்போல இருந்தது. மனுக் கொடுத்தவர் வெளியே மரத்தடியில் காத்திருந்தார். ஆள் எப்படி இருப்பான் என்று அதிகாரி சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"இடது கண்ணு பூ விழுந்திருக்கும். ஊருக்கே தெரியும்."

ஆளை உள்ளே கூப்பிட்டார்கள். பூ வலது கண்ணில் இருந்தது. அதிகாரி பேனாவை மூடினார்.

"எதிர்க்க உக்காந்துதானங்க பேசுனீங்க?"

மாமனார் வாய் திறப்பதற்குள் குத்தகைக்காரர் அவருக்குப் பரிந்துகொண்டு வந்தார். "ஐயா மேல தப்பில்லீங்க. அவங்க எங்களக் கண்ணாடியிலதான் பாப்பாங்க."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்து, பாதியில் அதை இருமலாக மாற்றிக்கொண்டேன். பக்கத்து வயல்காரர்களும் சாட்சி சொன்னார்கள். பெயர் பதிவானது.

அந்த நிலத்துக்குப் போகும் வாய்க்கால் மாமனாருடைய தென்னந்தோப்பு வழியாகத்தான் ஓடியது. கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்து அதை மண் போட்டுத் தூர்த்து, மேலே தென்னங்கன்று வைத்தார். பதிவில் பெயர் இருந்தது, வயலில் தண்ணீர் இல்லை. குத்தகைக்காரர் எல்லா ஆபீஸுக்கும் மனுப் போட்டார். எல்லா ஆபீஸும் பரிசீலித்தன. அவரும் மனைவியும் குளத்திலிருந்து குடத்தில் மொண்டுவந்து ஊற்றினார்கள். நெல்லெல்லாம் பதராகப் போயிற்று. அடுத்த போகமும் அப்படியே.

ஒரு காலையில் அவர் வாசலுக்கு வந்தார். கதிர்களுக்கு நடுவே முகம் விழுந்தது. நிலத்தை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

மாமனார் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். அது திரும்பி நான் பார்த்ததே இல்லை. வாசலைப் பார்க்க உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, அந்த முகத்தைச் சந்தையில் மாடு பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"அட, வலது கண்ணுதான்."

"ஆமாங்கய்யா" என்றார் அவர்.

மாமனார் நாற்காலியைப் பழையபடி போடச் சொன்னார். போட்டேன். குத்தகைக்காரர் இன்னும் வாசலிலேயே நின்றார். இப்போது கண்ணாடியில் நாங்கள் இருவரும் தெரிந்தோம், ஒரே திருவாசிக்குள்.

"மாப்பிள்ளை" என்று மாமனார் அதைப் பார்த்துக் கேட்டார், "வாய்க்கால்ல வச்ச தென்னங்கன்னுக்குத் தண்ணி ஊத்தியாச்சுங்களா?"