தழும்பில்லாத கை

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை வெளுப்பது. திருப்பூரில் நொய்யல் கரையோரச் சலவைப்பட்டறை ஒன்றில், பழுப்பாக வரும் பனியன் துணியைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துப் பளீரென்று எடுத்துக் கொடுப்பேன். என் கைக்குத் தப்பிய கறை கிடையாது என்று பெரிய நினைப்பு. அந்த நினைப்பால்தான் என் மகளுக்குக் கேடு செய்தேன்.

ஐம்பதுகளில் அம்மை குத்துகிறவர் வீடு வீடாக வருவார். குழந்தையின் கையில் அம்மைப்பால் மருந்தை ஒரு சொட்டு வைத்து, முள் வைத்த சின்ன இரும்புச் சக்கரத்தை அதன்மேல் திருகுவார். என் மகனுக்குக் குத்தியபோது பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வாரத்தில் கொப்புளம் கிளம்பிச் சீழ் கட்டியது. காய்ச்சல் கொதித்தது. அக்குளில் நெறி கட்டி, கையை இறக்க முடியாமல் ராப்பகலாக அழுதான். பொருக்கு உதிர்ந்த பிறகும் காலணா அகலத்துக்குத் தழும்பு நின்றது. ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளையை நோயாளி ஆக்கிவிட்டுப் போகிறானே மனுஷன் என்று எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

அவர் அடுத்த முறை வந்தபோது மகளுக்கு ஐந்து வயது. குத்திவிட்டு, "கழுவக் கூடாதுங்க, தானாக் காயட்டும். எட்டாம் நாள் வந்து பாக்கறேன்" என்று பக்கத்து வீட்டுக்குப் போனார். மனைவி அடுப்படியில் இருந்தாள். நான் மகளைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரு துண்டு பனியன் துணியைப் பிளீச்சிங் தண்ணீரில் நனைத்து, குத்திய இடத்தை அழுத்தித் துடைத்தேன்.

"எரியுதுங்கப்பா."

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு. ஒரு கறை நிக்காது பாரு."

பெண்பிள்ளை கையில் தழும்பு எதற்கு என்பது என் யோசனை. பெரிய புத்திசாலி நான்.

எட்டாம் நாள் அந்தக் கை வழவழவென்று இருந்தது. வந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, எதாச்சும் போட்டுத் தொடச்சீங்களா?"

"இல்லீங்க. அவளுக்கு ஒடம்பு கெட்டிங்க."

"கொப்புளம் வந்தாத்தானுங்க ஒடம்பு பழகிக்கிச்சுன்னு அர்த்தம். அடுத்த மாசம் மறுபடி குத்திர்றேன்."

அவர் வருவதற்குள் பெரியம்மை வந்துவிட்டது. மகள் பிழைத்தாள். ஆனால் இடது கண் போயிற்று, முகமெல்லாம் தழும்பாயிற்று. அவளோடு ஒரே பாயில் கிடந்த அண்ணனுக்கு ஒரு முத்துக்கூடப் போடவில்லை. மாரியாத்தாவுக்கு நேர்ந்திருந்த பூவோட்டை எடுக்காமல் விட்டதுதான் குற்றம் என்று மனைவி தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி அந்தப் பூவோட்டை எடுத்தாள். குற்றம் உன்னுடையது அல்ல, என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கண்ணை மூடும்வரை சொல்லவில்லை. நான் கோழை.

எழுபதுகளில் மகளின் குழந்தைக்கு அம்மை குத்தினார்கள். அதே கொப்புளம், அதே காய்ச்சல், அக்குளில் அதே நெறி. பயந்துபோய், மகளையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"அந்த நெறியிலதாங்க வேலையே நடக்குது. அம்மைக் கிருமி எப்படியிருக்கும்னு ஒடம்பு அங்கதான் தெரிஞ்சுக்குது. அதோட சண்டை போடற அணுவெல்லாம் அங்கதான் பெருகுது. கொஞ்சம் அணு அதை நெனப்பு வெச்சுக்கிட்டு உள்ளயே இருந்துக்குமுங்க. நெசமான அம்மை வந்தா ஒடனே அடையாளம் கண்டுக்கும்."

மகன் அழுத அந்த நாட்களில் அவன் உடம்பு பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. மகளுக்கு அந்தப் பாடம் தொடங்கும் முன்பே நான் பலகையைத் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். குழந்தையின் கொப்புளத்தில் ஈ உட்கார வந்தது. விரட்டலாம் என்று தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். மகள் சட்டென்று குழந்தையை மறுபக்கம் திருப்பி அணைத்துக்கொண்டாள்.

"தொடச்சுராதீங்கப்பா."

குரலில் கோபமே இல்லை. துண்டை மறுபடி தோளில் போட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே சொன்னாள்: "அம்மாகிட்ட நானும் கடைசிவரைக்கும் சொல்லலீங்கப்பா."